எலினார் பவலைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வி: "ஹாலிவுட் இசைப்படங்கள் என்றாலே ஃபிரெட் அஸ்டெய்ர், ஜிஞ்சர் ரோஜர்ஸ், ஜீன் கெல்லி, ஜூடி கார்லண்ட் என்றுதான் எழுதுகிறார்கள். எலினார் பவல் என்று ஒரு நடனக்காரர் இருந்தார். எம்ஜிஎம் ஸ்டூடியோவின் பெரிய நட்சத்திரம். கல்யாணம் செய்துகொண்டு நடிப்பை விட்டார், அதோடு கதை முடிந்தது. தானாக விலகிப் போனவரை மக்கள் மறந்துவிட்டார்கள் என்றால் அதில் என்ன ஆச்சரியம்?"

ஜூன் 8

கல்யாணக் கதை தேதிகளோடு ஒத்துவரவில்லை. அவர் நடிகர் கிளென் ஃபோர்டை மணந்தது 1943 அக்டோபரில். அதே ஆண்டு வந்த 'ஐ டூட் இட்' படத்தின் இறுதிக் காட்சியைப் பாருங்கள். போர்க்கப்பல் அரங்கு, பீரங்கிகள், கூட்டம் கூட்டமாக மாலுமிகள், நடுவில் பவல். அந்தக் காட்சி அந்தப் படத்துக்காக எடுத்ததே இல்லை. 1936-இல் வந்த 'பார்ன் டு டான்ஸ்' படத்தின் முடிவை அப்படியே வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறார்கள். கதாநாயகிக்குப் புதிதாக ஒரு முடிவு நடனம் எடுக்கக்கூட ஸ்டூடியோவுக்கு மனமில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய சுருள் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆக, அவர் ஸ்டூடியோவை விட்டுப் போவதற்கு முன்பே ஸ்டூடியோ அவரைக் கைவிடத் தொடங்கியிருந்தது. ஏன் கைவிட்டது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

ஜூன் 8, இரவு

படங்களே பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1912 நவம்பர் 21, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவும் தாத்தா பாட்டியும் வளர்த்தார்கள். யாரைப் பார்த்தாலும் ஒளிந்துகொள்கிற குழந்தையாம். கூச்சம் போகட்டும் என்று அம்மா நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். பதின்வயதிலேயே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை. 1935-இல் எம்ஜிஎம். 'பிராட்வே மெலடி ஆஃப் 1936' ஒரே படத்தில் நட்சத்திரம் ஆனார். 1982 பிப்ரவரி 11-இல் புற்றுநோயால் இறந்தார். 69 வயது.

ஜூன் 9

நான் பவலிடம் வந்து சேர்ந்தது கண் வழியாக இல்லை, காது வழியாக. மிருதங்கம் படித்தவன் நான். பக்கத்து அறையில் அண்ணன் ஏதோ பழைய படம் ஓட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது வெறும் தாளச் சத்தம். ஒரு சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, ஒரு முறை சொல்லி, மறுமுறை கடைசி எழுத்தைத் தள்ளிப் போட்டு, மூன்றாவது முறை முழுதாகக் கொண்டுவந்து தாளத்தின் முதல் அடியான சமத்தில் வைத்தார்கள். யாரோ நல்ல டிரம்ஸ் கலைஞர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து போனேன். திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுழன்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை பவலைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான். அவர் காலால் வாசித்த தாள வித்வான். நடிகை என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். இசைக் கலைஞர்கள் வரிசையில் தேடினால் உடனே கிடைப்பார்.

ஜூன் 10

"பயிற்சி எங்கே எடுத்தார்" என்று கேட்டவருக்கு.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சிறு வயதில் அவர் கற்றது பாலேயும் உடலை வளைக்கும் வித்தைகளும்தான். டாப் நடனம், அதாவது உலோகத் தகடு பதித்த காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடுவது, பிடிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை. நியூயார்க்கில் வாய்ப்புத் தேடிப் போனால் எங்கே போனாலும் 'டாப் தெரியுமா' என்றுதான் கேட்டார்களாம். வேறு வழியில்லாமல் ஜாக் டொனஹியூவின் பள்ளியில் பத்து வகுப்புகளுக்குப் பணம் கட்டினார். முதல் வகுப்பு முடிந்ததும் இது நமக்கு வராது என்று நின்றுவிட்டார். டொனஹியூதான் திரும்ப அழைத்தார்.

பாலே கற்றவர்களின் உடல் மேலே எழும்பத் துடிக்கும். டாப் நடனத்துக்கு உடல் தரையில் பதிய வேண்டும். டொனஹியூ ராணுவத்துப் பழைய பெல்ட் ஒன்றில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு அவர் இடுப்பில் கட்டினார். கால் தரையை விட்டுப் போகக் கூடாது, சத்தம் தரைக்குப் பக்கத்திலேயே பிறக்க வேண்டும். அந்தப் பத்து வகுப்புகளோடு சரி. அதற்கு மேல் யாரிடமும் டாப் படிக்கவில்லை. மற்றதெல்லாம் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டு தனியாகச் செய்த சாதகம்.

அவர் ஆடுவதைப் பார்க்கும்போது இடுப்புக்குக் கீழே கவனியுங்கள். மேலுடம்பு காற்றில் மிதக்கும், முதுகு பின்னால் வில்லாக வளையும், அந்த நிலையிலேயே சுழலுவார். கால் மட்டும் தரையை விடாது. மணல் மூட்டை இன்னும் கட்டியிருப்பது போலவே இருக்கும். பாலேயும் டாப்பும் ஒரே உடலில் சண்டையில்லாமல் இருந்தது அவரிடம்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

சரி, ஏன் கைவிட்டார்கள்?

அவருடைய கதாநாயகர்களின் பெயர்களை எடுத்து வைத்துப் பாருங்கள். ராபர்ட் டெய்லர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நெல்சன் எடி, ராபர்ட் யங், ரெட் ஸ்கெல்டன். இவர்களில் அவருக்கு ஈடுகொடுத்து ஆடக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. எடி பாடகர், ஸ்கெல்டன் நகைச்சுவை நடிகர். 'பார்ன் டு டான்ஸ்' படத்தில் ஸ்டூவர்ட் இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் பாட்டைத் தன் சொந்தக் குரலிலேயே பாடுகிறார். மனதைத் தொடும், ஆனால் ஆட்டம் கிடையாது. பவல் ஆடும்போது இந்த நாயகர்கள் என்ன செய்ய முடியும்? ஓரமாக நின்று பார்க்கலாம், கைதட்டலாம்.

அஸ்டெய்ர், ரோஜர்ஸ் படங்களில் நடனமே காதல். பேச்சில் சண்டை போட்டவர்கள் ஆடி முடிக்கும்போது காதலர்களாகிவிடுவார்கள். கதை நடனத்துக்குள் நகரும். பவல் படங்களில் கதை ஒரு பக்கம் ஓடும், கடைசியில் பிரம்மாண்டமான அரங்கு திறக்கும், அவர் தனியாக வந்து ஆடுவார், படம் முடிந்துவிடும். அந்த நடனத்தை வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. வேறொரு படத்தில் ஒட்டினாலும் பொருந்தும். 1943-இல் அதைத்தானே செய்தார்கள்.

துணை தேவைப்படாத ஒரு பெண்ணை வைத்துக் கதை எழுத அன்றைய ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை. இதுதான் என் முடிவு. பழியை அவர் தலையில் போடுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

ஜூன் 11, மாலை

"அப்படியானால் ஜீன் கெல்லியோடு?" என்கிறார் ஒருவர். திட்டம் இருந்தது. 1943-க்கு ஒரு பிராட்வே மெலடி படம், பவலும் கெல்லியும் சேர்ந்து என்று பேச்சு நடந்து, அப்புறம் கைவிடப்பட்டது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெல்லியின் உடல் பலமும் பவலின் தாளமும் ஒரே திரையில் வந்திருந்தால் நாம் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டோம்.

ஜூன் 14

அஸ்டெய்ரோடு ஆடியதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பவலைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒன்று மட்டும்தான் தெரியும். 'பிராட்வே மெலடி ஆஃப் 1940' படத்தில் 'பிகின் த பிகைன்' பாட்டுக்கு ஆடிய நடனம். 1974-இல் எம்ஜிஎம் தன் பழைய இசைப்படங்களைத் தொகுத்து 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' என்று வெளியிட்டபோது, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இந்த நடனத்தை அறிமுகப்படுத்தி, இதுபோல் இன்னொன்றை இனி எங்கும் பார்க்கவே முடியாது என்ற பொருளில் பேசுவார். மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தை முதலில் வண்ணத்தில் எடுக்கத்தான் நினைத்தார்கள். பிறகு கறுப்பு வெள்ளை என்று முடிவானது. நல்லதாகப் போயிற்று. கருங்கண்ணாடி போல மின்னும் தரை, பின்னால் இரவு வானம் போல ஒளிப்புள்ளிகள். தரையில் இன்னொரு ஜோடி தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கும். நிறம் இருந்திருந்தால் கண் அதற்குத்தான் போயிருக்கும், காலுக்கு வந்திருக்காது.

நடனம் இரண்டு பாகம். முதல் பாகம் ஸ்பானிய சாயலில், அலங்காரமாக, நிதானமாகப் போகும். அதற்குப் பிறகு உடை மாறி, அதே மெட்டு ஸ்விங் நடையில் வரும்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. காமிரா இருவரின் முழு உடலையும் பிடித்துக்கொண்டு, அதிகம் வெட்டாமல், கூடவே நகர்ந்துகொண்டிருக்கும். ஓர் இடத்தில் இசைக்குழு அடங்கிவிடுகிறது. நாலு கால்கள் மட்டும். அவர் ஒன்று கேட்க இவர் பதில் சொல்ல, பிறகு இருவரும் சேர்ந்து ஒரே சொல்லை வைக்கிறார்கள். கச்சேரியில் மிருதங்கமும் கஞ்சிராவும் தனி ஆவர்த்தனத்தில் குறைப்புக்கு வந்து நிற்கிற இடம் தெரியுமல்லவா, ஒருவர் விட்ட மிச்சத்தை மற்றவர் எடுத்துக்கொள்கிற அந்த நெருக்கம், அதேதான்.

அஸ்டெய்ர் ரோஜர்ஸோடு ஆடும்போது அவரை ஏந்திக்கொண்டு ஆடுவார். பாதுகாப்பார், அழகாகக் காட்டுவார், முன்னே நிறுத்துவார். இங்கே அதற்கு வேலையே இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகம், ஒரே பலம். பவலின் முகத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் நடப்பதைக் காதால் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். ஆடுகிற சந்தோஷத்தோடு ஒரு ஜாக்கிரதையும் அதில் இருக்கிறது. வேறெந்தப் படத்திலும் அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை.

படப்பிடிப்பில் இருவரும் ஒருவரையொருவர் 'மிஸ்டர் அஸ்டெய்ர்', 'மிஸ் பவல்' என்றே அழைத்துக்கொண்டார்களாம். இரண்டு பேரும் கூச்ச சுபாவம். இரண்டு பேரும் ஒத்திகை வெறியர்கள். இப்படி இரண்டு பேர் ஒரு அறையில் முதல் நாள் எப்படி ஆரம்பித்திருப்பார்கள்? யாராவது ஒருவர் முதலில் காலைத் தட்டித்தானே ஆக வேண்டும்! அந்த முதல் தட்டைக் கேட்க எனக்கு ஆசை.

சேர்ந்து நடித்தது அந்த ஒரே படம்தான்.

ஜூன் 15

அஸ்டெய்ர் 1959-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பவலைப் புகழ்ந்திருக்கிறார். ஓர் ஆணைப் போலத் தரையில் காலைப் பதித்தார் என்றும், டாப் நடனத்தில் தனி வகை என்றும். இந்த வரியை எல்லோரும் பெருமையாக எடுத்துப் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

நேற்றிரவு திரும்ப யோசித்தேன். அஸ்டெய்ர் மனதாரச் சொன்ன பாராட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் அழுத்தமாகத் தாளம் வைத்தால் அது ஆண் தன்மை என்று சொல்லுகிற பழக்கம்தான் பவலுக்கு ஏற்ற கதை எழுத முடியாமல் போனதற்கும் காரணம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் மிருதங்கம் வாசித்தார். வலது பக்கமான வலந்தலையில் நல்ல கனம், இடது பக்கமான தொப்பியில் கும்கி என்கிற ஆழமான நாதம். வந்தவர்கள் எல்லோரும் 'பையன் மாதிரி வாசிக்கிறாளே' என்று வியப்பார்கள். அவர் முகம் அப்போது எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அவர் அவராகத்தான் வாசித்தார். பவலும் பவலாகத்தான் ஆடினார்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

பட்டி ரிச் காட்சியைக் கேட்டவர்களுக்கு: 'ஷிப் அஹாய்', 1942. டாமி டார்சியின் இசைக்குழு, அதில் இளம் சினாட்ரா பாடுகிறார், டிரம்ஸில் பட்டி ரிச். ரிச்சின் குச்சிகளும் பவலின் கால்களும் ஒன்றையொன்று துரத்தும். கொஞ்ச நேரம்தான் வரும். ரிச்சைப் போன்ற ஒருவருக்கு எதிரே கால் கொண்டு நின்று பதில் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அதே படத்தில் இன்னொன்று. எதிரி உளவாளிகளை அரசாங்க ஆட்கள் என்று நம்பி, அவர்களுக்காக ஒரு கண்ணிவெடியின் மாதிரியைக் கடத்திக்கொண்டு போகும் நடனக்காரி அவர். உண்மை தெரிந்ததும் மேடையில் ஆடிக்கொண்டே, கூட்டத்தில் இருக்கும் உண்மையான அரசு ஆட்களுக்கு மோர்ஸ் குறியீட்டில் காலால் செய்தி அனுப்புகிறார். கதையாகப் பார்த்தால் நம்ப முடியாத சமாச்சாரம். ஆனால் ஜூன் 11-இல் நான் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. இங்கே நடனத்தை வெட்டினால் கதை நின்றுவிடும். அவர் காலடிச் சத்தத்துக்கு ஒரு பொருள் இருக்க முடியும் என்று யாரோ ஒரு கதாசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. அதை இன்னும் நாலு படங்களுக்கு யோசித்திருக்கக் கூடாதா?

ஜூன் 19

இதை எழுதுவதா வேண்டாமா என்று சில நாள் தள்ளிப் போட்டேன். எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

1939-இல் வந்த 'ஹொனலூலு' படத்தில் பவல் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவராக வேடமிட்டு ஒரு நடனம் ஆடுகிறார். கறுப்பின டாப் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை என்ற பெயரில். படிகளில் ஏறி இறங்கி ஆடுவது ராபின்சனின் அடையாளம். பவல் அதை நுணுக்கமாகப் பிடித்திருக்கிறார், தாளத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும்போது மனசு கூசுகிறது.

அந்தக் காலத்தில் இது சாதாரணம் என்பார்கள். அஸ்டெய்ரும் 1936-இல் 'ஸ்விங் டைம்' படத்தில் இதே ராபின்சன் பெயரைச் சொல்லிக் கரி பூசி ஆடியிருக்கிறார். பவல் ராபின்சனை நேரில் அறிந்தவர், மதித்தவர், தனியார் விருந்துகளில் அவரோடு சேர்ந்து ஆடியவர். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ராபின்சன் 1949 வரை உயிரோடு இருந்தார். 1935-லேயே குழந்தை ஷெர்லி டெம்பிளோடு கைகோத்துப் படிகளில் ஆடித் திரையில் புகழ்பெற்றிருந்தார். மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவரையே அழைத்துப் பவலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாமே. ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளைப் பெண்ணும் சமமாக ஆடுவதை ஸ்டூடியோ திரையில் காட்டாது. குழந்தையோடு என்றால் விடுவார்கள். அதனால் மனிதர் வெளியே நின்றார், கரி உள்ளே வந்தது.

டாப் என்கிற கலையே கறுப்பின மக்களின் கால்களில் வளர்ந்தது. பவலை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன், கொண்டாடிக்கொண்டே இருப்பேன். அதனால்தான் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்க மனம் வரவில்லை. அந்தக் காட்சியை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஜூன் 20

இரண்டு கேள்விகளுக்கு ஒன்றாக.

பாட்டு: முக்கியமான ஆரம்பப் படங்களில் அவருக்காகப் பாடியவர் மார்ஜரி லேன். நம் ஊரில் பின்னணிப் பாடகர்களுக்குத் தனிப் புகழ் உண்டு, அங்கே இந்த வேலை இருட்டிலேயே நடந்தது.

காலடிச் சத்தம்: படம் பிடிக்கும்போது பதிவானது இல்லை. முன்பே பதிவு செய்த இசையை ஒலிக்கவிட்டு ஆடுவார்கள், பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு டாப் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவார்கள். பல நடிகைகளுக்கு வேறொருவர் அதைச் செய்து கொடுத்தார். ரோஜர்ஸுக்கு நடன அமைப்பாளர் ஹெர்மீஸ் பான் செய்திருக்கிறார். பவல் தன் சத்தத்தைத் தானே பதிந்தார். தனி நடனங்களை அமைத்ததும் அவரேதான். ஆக, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவரைத்தான் கேட்கிறோம். குரல் கடனாக இருக்கலாம், கால் கடன் கிடையாது.

ஜூன் 26

'லேடி பி குட்', 1941. நேற்று மறுபடி பார்த்தேன். பேச வேண்டியது நிறைய.

நாய். இதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் பெண் இன்னும் அதைத்தான் போடச் சொல்லிக் கேட்கிறாள். பவல் வீட்டில் ஒரு சின்ன நாயோடு ஆடுகிறார். அவர் காலுக்கு நடுவே புகுந்து வரும், கையில் தாவும், அவரோடு சேர்ந்து சுற்றும். பெயர் பட்டன்ஸ். அதைத் தன் வீட்டில் வைத்துப் பழக்கியவர் பவல்தான். நாய் அவரைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்தால் புரியும். இதுவரை அவருக்குக் கிடைத்த ஆண் துணைகளில் இதற்குத்தான் கால் நன்றாகப் பேசியது, அஸ்டெய்ரை விட்டுவிட்டால்!

அப்புறம் 'ஃபாசினேட்டிங் ரிதம்'. பஸ்பி பெர்க்லி அமைத்த காட்சி. பெர்க்லி என்றால் நூறு பெண்களைக் கூரையிலிருந்து படம் பிடித்துப் பூக்கோலம் போடுகிறவர் என்று நினைப்போம். இங்கே ஒரே பெண். காமிரா பின்வாங்கிக்கொண்டே போகிறது, பவல் முன்னேறிக்கொண்டே வருகிறார், திரைச்சீலைகள் விலக விலக ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெரிய பியானோ. பிறகு கைத்தடி ஏந்திய ஆண்களின் கூட்டம். கடைசியில் அவரை அவர்கள் தூக்கிச் சுழற்றிச் சுழற்றி முன்னே அனுப்புவார்கள். தொடர்ந்து அத்தனை சுழற்சிக்குப் பிறகு நேராக நின்று சிரிக்கிறார்.

1994-இல் வந்த 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' மூன்றாம் பாகத்தைத் தேடிப் பாருங்கள். அதில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நாம் பார்க்கும் காட்சி, மறுபக்கம் அதே நேரத்தில் காமிராவுக்கு வெளியே நடந்தது என்று காட்டுவார்கள். தொழிலாளர்கள் அரங்கின் துண்டுகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பியானோக்கள் நகர்கின்றன, காமிரா வண்டி பின்னால் போகிறது. ஒருவர் அரை நொடி பிந்தினால் எல்லாம் வீண். இத்தனை பேரும் எதை வைத்து நேரம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த ஒற்றைப் பெண்ணின் நடையை வைத்துத்தான். அத்தனை இயந்திரத்துக்கும் அவர்தான் தாளம் போட்டுக்கொடுக்கிறார். எனக்கு அந்தப் பகுதி, முடிந்த காட்சியைவிடவும் பிடிக்கும்.

ஜூன் 27

"நடிப்பு சுமார்தானே" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். சுமார்தான். வசனக் காட்சிகளில் நட்புடன் சிரிப்பார், கண் விரியும், அதற்கு மேல் ஆழம் கிடையாது. கார்லண்ட் ஒரு வரியைப் பேசினால் நெஞ்சில் முள் தைக்கும். பவலிடம் அது இல்லை. படங்களும் பெரும்பாலும் பலவீனமானவை, 'ரோசலி' முழுதாக உட்கார்ந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் அதே 'ரோசலி'யில் அளவளவாக அடுக்கிய ராட்சத டிரம்களின் மேல் ஆடிக்கொண்டே இறங்கி வருவாரே, அந்தச் சில நிமிடங்களுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 2

கல்யாணத்துக்குத் திரும்ப வருகிறேன். முதல் குறிப்பில் தேதிகளோடு நிறுத்திவிட்டேன், அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

1945-இல் மகன் பீட்டர் பிறந்தான். 1944-இல் 'சென்சேஷன்ஸ் ஆஃப் 1945' என்று ஒரு படம், அதில் ராட்சத பின்பால் (பந்து தட்டி விளையாடும்) இயந்திரத்துக்குள் ஆடுகிறார். 1950-இல் 'டச்சஸ் ஆஃப் ஐடஹோ' படத்தில் விருந்தாளியாக ஒரே ஒரு நடனம். அதோடு திரைப்படம் முடிந்தது. கணவர் கிளென் ஃபோர்ட் அந்தச் சமயத்தில்தான் பெரிய நட்சத்திரமாக வளர்ந்துகொண்டிருந்தார். வீட்டை இவர் பார்த்துக்கொண்டார். 1953 முதல் 1955 வரை தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான ஒரு ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி நடத்தினார். பல இனக் குழந்தைகளையும் ஒன்றாக உட்கார வைத்த நிகழ்ச்சி. அந்த ஆண்டுகளின் அமெரிக்காவில் அது சின்ன விஷயம் இல்லை. பிராந்திய எம்மி விருதுகள் கிடைத்தன.

1959-இல் மணமுறிவு. அடுத்துதான் எனக்குப் பிடித்த பகுதி. மகன் பீட்டர் தூண்டுகிறான், அம்மா மறுபடி ஆட வேண்டும் என்று. ஐம்பதை நெருங்கும் வயது. உடல் எடையைக் குறைத்து, மறுபடி அடிப்படையிலிருந்து சாதகம் செய்து, 1961-இல் லாஸ் வேகாஸ் மேடையில் ஏறினார். காமிரா இல்லை, வெட்டி ஒட்ட வழியில்லை, பிறகு சத்தம் பதிய ஒலிக்கூடம் இல்லை. நேரடியாக, இரவுக்கு இரவு. வரவேற்பு நன்றாக இருந்தது, சில ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார்.

கை விட்ட வாத்தியத்தைப் பல வருடம் கழித்து எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலை, குடும்பம் என்று மிருதங்கம் உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தபோது காதுக்கு எல்லாம் தெரிந்தது, விரல் போகவில்லை. அந்த இடைவெளிதான் கொடுமை. பவலுக்கோ கால், முழங்கால், மூச்சு எல்லாம் திரும்ப வர வேண்டும். அதைச் செய்தவரைப் பார்த்து 'கல்யாணத்தோடு கதை முடிந்தது' என்று எழுதுவது அநியாயம்.

ஜூலை 3

1981-இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் அஸ்டெய்ருக்கு வாழ்நாள் விருது கொடுத்தபோது பவல் மேடையேறிப் பேசினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த பிப்ரவரியில் அவர் இல்லை.

ஜூலை 5

"முழுப் படம் பார்க்கப் பொறுமையில்லை, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டவருக்கு. 'பிகின் த பிகைன்' முதலில் வேண்டாம். அதைப் பார்த்தவர்கள் அஸ்டெய்ரின் பக்கமே கண்ணை வைத்துக்கொண்டு பவலை அவருடைய துணையாக மட்டும் ஞாபகம் வைக்கிறார்கள். 'ஷிப் அஹாய்' படத்தின் பட்டி ரிச் காட்சியை எடுங்கள். முதல் முறை படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள், கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. எது குச்சி, எது கால் என்று பிரிக்க முடிகிறதா பாருங்கள். பிறகு படத்தோடு. அதற்குப் பிறகு 'ஃபாசினேட்டிங் ரிதம்', அப்புறம் நாய், கடைசியாக அஸ்டெய்ர். காதில் நல்ல ஹெட்ஃபோன் இருக்கட்டும், கைபேசி ஒலிபெருக்கியில் குதிகாலின் கனம் கேட்காது, நுனிக்காலின் சத்தம் மட்டும்தான் வரும்.